பொக்கெட்டில கொண்டு திரிய ஒரு சின்ன டோர்ச்: புதுசா வாங்கிற ஆக்களுக்கு

2020 டிசம்பர் 2 இரவு புரேவி புயல் திருகோணமலைப் பக்கம் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில கரை ஏறேக்குள்ள எங்கட வீட்டில டோர்ச் ஒண்டு இருந்தது, மேசை லாச்சிக்குள்ள ரெண்டு வருசமா பத்திரமா கிடந்தது. கரண்ட் போன உடனே எடுத்து அமத்தினன், பத்தேல்ல. மூடியைக் கழட்டிப் பாத்தா உள்ளுக்கு வெள்ளைத் தூள் பூத்து, ஸ்பிரிங் பச்சை பிடிச்சு, பற்றரி குழாயோட ஒட்டிப் போய்க் கிடக்கு. வெளியில காத்து ஊளையிடுது, அம்மாவுக்கு கிணத்தடிக்கு அங்கால இருக்கிற கக்கூசுக்குப் போக வேணும், போனில சார்ஜ் 11 வீதம், அதில லைட்டைப் போட்டா விடியிறதுக்குள்ள போன் செத்துப் போகும், பிறகு வெளியில நிக்கிற தம்பி எடுத்தா கதைக்கவும் ஏலாது. அண்டைக்குப் பட்ட பதட்டம் இன்னும் மனசில இருக்கு. அதுக்குப் பிறகு நான் பொக்கெட்டில டோர்ச் இல்லாம படலை தாண்டினதில்ல.

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அந்த நேரம் தெரிஞ்ச ஆக்கள் கனபேர் என்னட்ட எது வாங்கிறது எண்டு கேட்டாங்க. எல்லாருக்கும் ஒரே ஒழுங்கிலதான் சொன்னன்: முதல் எங்க பாவிக்கப் போறீங்க, பிறகு என்ன பற்றரி, அதுக்குப் பிறகுதான் எவ்வளவு வெளிச்சம். கடைக்குப் போற ஆக்கள் இதைத் தலைகீழாத்தான் செய்யிறாங்க, பெட்டியில இருக்கிற பெரிய நம்பரைப் பாத்து எடுத்துட்டு வந்து, அது கையில கொள்ளாம பொக்கெட்டிலயும் கொள்ளாம கடைசியில லாச்சிக்குள்ள போயிடும்.

முதல்ல உங்கட இரவைப் பாருங்க

வாங்க முன்னம் ஒரு கிழமைக்கு ஒரு வேலை செய்யுங்க. இரவில போன் லைட்டை எத்தின தரம் போட்டீங்க, எதுக்குப் போட்டீங்க எண்டு மனசில குறிச்சு வையுங்க. திறப்பு ஓட்டை தேட, மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழ பாக்க, மோட்டர் ஓடுதா எண்டு கிணத்துக்குள்ள எட்டிப் பாக்க, செருப்பைப் போட முன்னம் உள்ளுக்கு ஏதும் இருக்கா எண்டு பாக்க. என்ட கணக்கில பத்துக்கு ஒம்பது தரம் 5 மீற்றருக்குள்ள இருக்கிற சாமான்தான். வெளிச்சத்தை லூமென் எண்டுதான் அளப்பாங்க, சாதாரணமா ஒரு போன் லைட் 50 லூமென் சொச்சம்தான் தரும், நாங்க அதை வச்சே சமாளிக்கிறம் எண்டால் 1000 லூமென் எங்களுக்கு எத்தின தரம் வேணும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

மற்ற ஒரு தரம் வெளி ரோட்டில. எங்கட ஊரில இரவில நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்ல போறவங்களுக்கும் ரெண்டு பிரச்சினை. ஒண்டு கட்டாக்காலி மாடு, கறுத்த மாடு கறுத்த ரோட்டில படுத்திருந்தா கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது, அதுக்கு 30, 40 மீற்றர் முன்னுக்குக் காட்டிற வெளிச்சம் வேணும். மற்றது பாம்பு. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் வயல் கரையில திரியிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, புடையன் இரவிலதான் கூடத் திரியும், காய்ஞ்ச இலைக்குள்ள கிடந்தா இலையோட இலையாத்தான் இருக்கும். இதுக்குத் தூரம் தேவையில்ல, காலடியைச் சுத்தி அகலமா விரிஞ்சு விழுற வெளிச்சம் வேணும்.

வள்ளத்தில போறவங்களுக்கு, இரவில தூரத்துக் கரையைப் பாக்க வேணும் எண்டவங்களுக்குப் பொக்கெட் டோர்ச் காணாது, அது வேற சாமான், இங்க அதைப் பத்திக் கதைக்கேல்ல.

பற்றரிதான் முக்கியம்

இதில கொஞ்சம் நேரம் எடுத்து வாசியுங்க, ஏனெண்டால் டோர்ச்சின்ட அளவு, ஆயுசு, ஆபத்து மூண்டையும் பற்றரிதான் முடிவு செய்யுது.

கடையில பென்டோர்ச் பற்றரி எண்டு கேட்டா தாறது டபுள் ஏ, 14.5 மில்லிமீற்றர் தடிப்பு, 50 மில்லிமீற்றர் சொச்சம் நீளம். அதைவிட மெல்லிசு டிரிபிள் ஏ, ரிமோட்டுக்குப் போடுறது. இது ரெண்டும் 1.5 வோல்ட். பிறகு லித்தியம் அயன் பற்றரிகள், அதுகளுக்குப் பேர் நம்பரிலதான். 14500 எண்டால் 14 மில்லிமீற்றர் தடிப்பு, 50 மில்லிமீற்றர் நீளம், கடைசி சைபர் உருளை எண்டதைக் குறிக்கும். 18650 எண்டால் 18 தடிப்பு, 65 நீளம். நம்பரைப் பாத்தே பொக்கெட்டில எவ்வளவு இடம் பிடிக்கும் எண்டு கணக்குப் போடலாம்.

இப்ப கவனிக்க வேண்டியது: 14500 பாக்க அச்சு அசல் டபுள் ஏ மாதிரியே இருக்கும், ஆனா அது 3.7 வோல்ட், முழு சார்ஜில 4.2 வோல்ட். டபுள் ஏ மட்டும் எண்டு சொல்லியிருக்கிற டோர்ச்சுக்குள்ள அதைப் போட்டா உள்ளுக்கு இருக்கிற சேர்க்கிட் எரிஞ்சு போகலாம். மணிக்கூடு, ரிமோட், பிள்ளையளின்ட விளையாட்டுச் சாமான் ஒண்டுக்கும் போடக் கூடாது. வீட்டில ரெண்டு வகையும் இருந்தா 14500 ஐச் சுத்தி ஒரு சிவப்பு டேப் ஒட்டி வையுங்க, நான் அப்பிடித்தான் வச்சிருக்கிறன்.

புதுசா வாங்கிற ஆக்களுக்கு என்ட தீர்ப்பு, டபுள் ஏயும் 14500 உம் ரெண்டும் போடலாம் எண்டு பெட்டியில தெளிவா எழுதியிருக்கிற டோர்ச்தான். வீட்டில 14500 ஐ சார்ஜ் போட்டுப் பாவிக்கலாம், மூதூரில ஒரு கலியாண வீட்டில நடுச்சாமம் சார்ஜ் முடிஞ்சு போச்சு எண்டால் விடிஞ்ச உடனே பக்கத்துப் பெட்டிக்கடையில ஒரு பென்டோர்ச் பற்றரி வாங்கிப் போடலாம். வெளிச்சம் குறையும்தான், ஆனா பத்தும். 18650 டோர்ச்சில பவர் மூண்டு மடங்குக்கும் கூட, ஆனா பற்றரி மட்டுமே 45 கிராமுக்கு மேல, களிசான் பொக்கெட்டில போட்டா நடக்கேக்குள்ள துடையில அடிச்சுக் கொண்டே இருக்கும். இரவு டியூட்டிக்குப் போறவங்க, காவல் வேலை செய்யிறவங்க அதை எடுக்கலாம்.

சாதாரண அல்கலைன் பற்றரியை டோர்ச்சுக்குள்ள போட்டு மறந்துடாதீங்க. எனக்குப் புயல் இரவில நடந்தது அதுதான், அது கசியும், கசிஞ்சா காரம் ஸ்பிரிங்கைத் தின்னும். அப்பிடி நடந்திருந்தா காது குடையிற பஞ்சுக் குச்சியில கொஞ்சம் வெள்ளை வினாகிரி தொட்டுத் துடைச்சு, பிறகு தண்ணியில லேசா நனைச்ச பஞ்சால துடைச்சுக் காய விட்டா சில நேரம் டோர்ச் தப்பும். டபுள் ஏதான் வேணும் எண்டால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் எண்டு எழுதியிருக்கிற ரீசார்ஜ் பற்றரி எடுங்க, பனசோனிக் எனலூப் மாதிரி, அது 1.2 வோல்ட்தான் ஆனா டோர்ச்சுக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல, மாசக்கணக்கில சும்மா கிடந்தாலும் சார்ஜ் நிக்கும், அல்கலைன் மாதிரி லேசில கசியாது. மூண்டு டிரிபிள் ஏயை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள போடுற மலிவு டோர்ச் வேண்டாம், மூண்டில ஒண்டு வீக் எண்டால் மற்ற ரெண்டும் அதைப் போட்டு வதைக்கும், கசியத் தொடங்கிறது அங்கதான்.

பற்றரி கழட்ட ஏலாம உள்ளுக்கே வச்சு அடைச்ச டோர்ச்சும் வருது, திறப்புக் கோர்வையில போடுற குட்டிச் சாமான் எண்டால் பரவாயில்ல, அதை விடப் பெருசு எண்டால் வாங்காதீங்க. ரெண்டு மூண்டு வருசத்தில பற்றரி இறங்கினா முழு டோர்ச்சையும் எறிய வேணும்.

பெட்டியில இருக்கிற நம்பரை நீங்களே சோதிக்கலாம்

ஒரு கணக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் உங்களை ஏமாத்த ஏலாது. நல்ல எல்ஈடி டோர்ச் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தரும். ஒரு நல்ல 18650 பற்றரியில சாதாரணமா 3500 மில்லி ஆம்பியர் அவர், அதாவது 3.5 ஆம்பியர் அவர் அளவுதான் இருக்கும், அதை வோல்ட் 3.6 ஆல பெருக்கினா 12.6 வாட் அவர், அதுதான் பற்றரிக்குள்ள இருக்கிற மொத்த சக்தி. 14500 எண்டால் 3 வாட் அவர் சொச்சம். இப்ப ஒரு டோர்ச்சில 10,000 லூமென், 10 மணித்தியாலம் பத்தும் எண்டு போட்டிருக்கு எண்டு வையுங்க. 10,000 லூமெனுக்கு 100 வாட் வேணும், 10 மணித்தியாலத்துக்கு 1000 வாட் அவர், உள்ளுக்கு இருக்கிறதோ 12. அந்தப் பெட்டியைத் திருப்பி வச்சிடுங்க. அதே மாதிரி 18650 பற்றரியில 9900 எண்டு எழுதியிருந்தா அது பொய், அந்த அளவுக் கூட்டுக்குள்ள அவ்வளவும் அடைக்க ஏலாது. நானும் ஒண்டு வாங்கினன், கடையைச் சொல்லேல்ல, கையில எடுத்த உடனேயே பாரம் இல்லாம இருந்தது, நல்லதோட வச்சு நிறுத்தா பாதிக்குக் கொஞ்சம் கூட.

உண்மையான கொம்பனியள் எஃப்எல்1 எண்ட ஒரு பொது அளவுமுறைப்படி நம்பர் போடுவாங்க, அது 2009 இல வந்தது. அதில மூண்டு விசயத்தை விளங்கி வச்சா காணும். லூமென் எண்டது டோர்ச் வெளியில விடுற மொத்த வெளிச்சம். கண்டெலா எண்டது நடுவில எவ்வளவு குவிஞ்சு போகுது எண்டது. தூரம் எண்டு போட்டிருக்கிறது கண்டெலாவின்ட வர்க்கமூலத்தை ரெண்டால பெருக்கினா வாற மீற்றர், 2500 கண்டெலா எண்டால் 50 தர 2, 100 மீற்றர். ஆனா அந்த 100 மீற்றரில விழுறது 0.25 லக்ஸ், முழு நிலா வெளிச்சம் அளவு. நிலா வெளிச்சத்தில மாடு நிக்குது எண்டு தெரியும், கயிறு கட்டியிருக்கா எண்டு தெரியாது. அதால போட்டிருக்கிற தூரத்தில மூண்டில ஒண்டுதான் உங்களுக்கு உண்மையா உதவும் எண்டு எடுங்க. ரோட்டில 30, 40 மீற்றர் வேணும் எண்டு சொன்னேனே, அதுக்கு இந்த 2500 கண்டெலா போதும்.

எவ்வளவு நேரம் பத்தும் எண்ட நம்பரிலயும் ஒரு விசயம் இருக்கு. தொடக்க வெளிச்சம் பத்தில ஒண்டா இறங்கிற வரைக்கும் எண்ணித்தான் அந்த நேரத்தைப் போடுவாங்க. சின்ன டோர்ச் ஒண்டு 1000 லூமெனில ஒண்டு ரெண்டு நிமிசம் நிண்டாலே சுட்டுப் போகும், அது தன்ட பாட்டில வெளிச்சத்தைக் குறைச்சு 200, 300 இல நிக்கும், பிறகு கன நேரம் மெல்ல மெல்ல இறங்கும், அந்த முழு நேரத்தையும் சேத்துத்தான் பெட்டியில போட்டிருக்கும். அதால நடு மோடில, அதாவது நடு அளவு வெளிச்சத்தில, எத்தின மணித்தியாலம் எண்டதைப் பாருங்க. 14500 போட்ட டோர்ச் 100 லூமெனில 2, 3 மணித்தியாலம் பத்தினா நல்ல சாமான்.

அடி மோட் எவ்வளவு குறைவு எண்டதையும் கட்டாயம் பாருங்க. ஒரு லூமெனுக்குக் கிட்ட இருக்க வேணும். இருட்டுக்குக் கண் முழுசா பழக 20, 30 நிமிசம் எடுக்கும், நடு இரவில எழும்பி 300 லூமெனை முகத்துக்கு நேர அடிச்சா அது எல்லாம் போச்சு, பக்கத்தில படுத்த பிள்ளையும் எழும்பிடும். ஆஸ்பத்திரி வாட்டில இரவு வேலை செய்யிற என்ட அக்கா இந்த ஒரு லூமென் மோடைத்தான் கூடப் பாவிக்கிறா.

வெளிச்சத்தின்ட நிறம்

இதைப் பத்திக் கடையில ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, எனக்கு இதுதான் கூடப் பிடிச்ச விசயம். மலிவு டோர்ச் எல்லாம் நீலம் கலந்த வெள்ளை, 6500 கெல்வின் அளவில இருக்கும் (கெல்வின் நம்பர் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும்), சிவப்பும் மண்ணிறமும் அதில செத்துப் போகும். நிறம் எவ்வளவு உண்மையாத் தெரியும் எண்டதுக்கு சீஆர்ஐ எண்டு ஒரு நம்பர் இருக்கு, வெயிலில பாத்தா 100 எண்டு வையுங்க, சாதாரண எல்ஈடி 70 சொச்சம், நல்லது 90க்கு மேல. ஜப்பான் நிச்சியா கொம்பனியின்ட 519ஏ எண்ட எல்ஈடி போட்ட டோர்ச் ஒண்டை முதல் தரம் பிடிச்சுப் பாத்தப்போ எங்கட வளவு மண் எப்பிடி இருக்குமோ அப்பிடியே தெரிஞ்சது. இது வெறும் வடிவுக்கு இல்ல. விடியக் காலமை மீன் வாங்கேக்குள்ள செவுள் சிவப்பா மண்ணிறமா எண்டு பாக்கிறதுக்கு, பிளக் பெட்டிக்குள்ள மண்ணிற வயரையும் கறுப்பு வயரையும் பிரிச்சுப் பாக்கிறதுக்கு, காய்ஞ்ச இலைக்குள்ள கிடக்கிற பாம்பைக் கண்டுபிடிக்கிறதுக்கு. 4000 இல இருந்து 5000 கெல்வின், சீஆர்ஐ 90, இது கிடைச்சா லூமென் கொஞ்சம் குறைஞ்சாலும் இதை எடுங்க. மாரி மழையிலயும் நீல வெளிச்சம் கண்ணுக்கே திருப்பி அடிக்கிற மாதிரி இருக்கும், மழைக்குள்ள போகேக்குள்ள டோர்ச்சைத் தலைக்குப் பக்கத்தில பிடிக்காம இடுப்பளவில பிடிச்சுப் பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

முன் கண்ணாடியை இழுத்து ஸூம் பண்ணிற டோர்ச் வேண்டாம். அந்த இழுக்கிற இடத்தாலதான் தண்ணி போகும், குவிச்சா வெளிச்சத்தில பெரும் பங்கு உள்ளுக்கே நிண்டிடும், காலடிக்கு ஒண்டும் விழாது.

சுவிட்ச், கிளிப், சாரம்

பின்பக்கம் அமத்திற சுவிட்ச் இருட்டில தடவினாலே கையில பிடிபடும், அமத்தினா பத்தும், பழகத் தேவையில்ல. பக்கவாட்டுச் சுவிட்ச் எண்டால் அமத்திப் பிடிச்சு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனா பொக்கெட்டுக்குள்ள தானா அமந்து பத்திக்கொண்டிருக்கிற ஆபத்து இருக்கு, பவர் கூடின டோர்ச் துணியோட ஒட்டிப் பத்தினா துணியையும் தோலையும் சுடும். அதால லொக் இருக்கா எண்டு பாருங்க, இல்லையெண்டால் பின் மூடியைக் கால் சுத்து தளத்தி வையுங்க, பெரும்பாலான நல்ல டோர்ச்சில அது கரண்டை வெட்டிடும். எட்டுப் பத்து மோட், மினுக்கு மினுக்கு எண்டு அடிக்கிறது எல்லாம் அம்மாவின்ட கையில குடுக்கேலாது. மூண்டு மோட், அடியில இருந்து தொடங்கிறது, அவ்வளவு போதும்.

களிசான் போடுறவங்களுக்குக் கிளிப் முக்கியம், டோர்ச் பொக்கெட் விளிம்பில தொங்க வேணும், அடியில விழுந்து காசோடயும் திறப்போடயும் உரசக் கூடாது. வீட்டில சாரம் கட்டிற ஆக்களுக்குப் பொக்கெட்டே இல்ல, அதுக்கு டோர்ச்சின்ட வாலில கயிறு போடுற ஓட்டை இருக்க வேணும், கழுத்தில போடலாம். டிரிபிள் ஏ சைஸ் எண்டால் பாரமே தெரியாது.

உப்புக் காத்து

எங்கட பக்கம் கடல் காத்து எல்லாத்தையும் தின்னும். ஐபிஎக்ஸ்4 எண்டால் மழைத் துளி தாங்கும், ஐபிஎக்ஸ்7 எண்டால் ஒரு மீற்றர் தண்ணியில அரை மணித்தியாலம், ஐபிஎக்ஸ்8 அதுக்கும் மேல. 7க்குக் குறைஞ்சதை எடுக்காதீங்க. ஆனா அந்தச் சோதனை நல்ல தண்ணியிலதான், உப்புத் தண்ணி பட்டா அண்டைக்கே குழாய்த் தண்ணியில கழுவித் துடைச்சு வையுங்க. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மூடி மரையைத் துணியால துடைச்சு, ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் சிலிக்கன் கிறீஸ் பூசுங்க. வாஸ்லின் பூசாதீங்க, சில ரப்பர் அதில ஊதிப் போகும். சார்ஜ் ஓட்டை வெளியில இருக்கிற டோர்ச்சில அதை மூடுற ரப்பர் இறுக்கமா இருக்கா எண்டு பாருங்க, ஸ்கில்ஹண்ட் எம்150 மாதிரி காந்தத்தால சார்ஜ் ஏறுறதில அந்தத் தொல்லை இல்ல, அது டபுள் ஏயும் 14500 உம் எடுக்கும். ஒரு டிரிபிள் ஏ போதும் எண்டவங்களுக்கு ஓலைட் ஐ3டி, 180 லூமென், பின் சுவிட்ச், ரெண்டு மோட். 18650 வேணும் எண்டால் வூர்க்கொஸ் எஃப்சி11, யூஎஸ்பி சி. நான் சொன்னதைத்தான் எடுக்க வேணும் எண்டில்ல, மேல சொன்ன அளவுகளோட ஒப்பிட்டுப் பாருங்க.

லித்தியம் பற்றரியைக் கையாளுறது

ஸ்பெயார் பற்றரியைத் திறப்போட, காசோட சும்மா பொக்கெட்டில போடாதீங்க, ரெண்டு முனையும் இரும்பில பட்டா நெருப்பு வரும், சின்ன பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்க. மேல சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் கிழிஞ்சா அந்தப் பற்றரி வேண்டாம். சார்ஜ் போட்டுட்டு நித்திரைக்குப் போகாதீங்க, வெயிலில நிக்கிற ஆட்டோக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. கட்டாருக்கோ டுபாய்க்கோ போறவங்க ஸ்பெயார் லித்தியம் பற்றரியைக் கைப் பையிலதான் கொண்டு போக வேணும், பெரிய பெட்டிக்குள்ள வச்சா எடுத்துடுவாங்க.

கையில கிடைச்ச முதல் கிழமை

சாமானைத் திருப்பிக் குடுக்கிற நாள் முடிய முன்னம் இதெல்லாம் செய்யுங்க. ரெண்டு பக்கமும் யூஎஸ்பி சி பின் இருக்கிற சீ டு சீ வயரில சார்ஜ் ஏறுதா எண்டு பாருங்க, சில மலிவு டோர்ச் பழைய அகலப் பின் இருக்கிற வயரில மட்டும்தான் ஏறும், அதைத் தெரியாம பழுது எண்டு நினைச்சு எறிஞ்ச ஆக்களைக் கண்டிருக்கிறன். நடு மோடில போட்டுட்டு மணிக்கூட்டைப் பாத்து எத்தின மணித்தியாலம் பத்துது எண்டு எழுதி வையுங்க. நீர்ப்புகாது எண்டு போட்டிருந்தா ஒரு பெரிய கிளாஸ் தண்ணிக்குள்ள அரை மணித்தியாலம் போட்டு வச்சு, எடுத்து வெளியைத் துடைச்சுட்டு, பின் மூடியைத் திறந்து உள்ளுக்கு ஒரு ரிஷூவை விட்டுப் பாருங்க, ரிஷூ நனைஞ்சா திருப்பிக் குடுங்க. கடைசியா லைட் எல்லாத்தையும் நூத்துட்டு வீட்டில ஆகக் கூட வயசான ஆளின்ட கையில டோர்ச்சைக் குடுத்து, ஒண்டும் சொல்லாம கிணத்தடி வரைக்கும் போய் வரச் சொல்லுங்க, நீங்க பின்னால நடந்து போங்க, எங்க தடுமாறுறாங்க எண்டு பாருங்க. எங்கட அம்மா முதல் டோர்ச்சில சுவிட்ச் எது எண்டு தெரியாம படியிலயே நிண்டிட்டா, அதைக் குடுத்துட்டுப் பின் சுவிட்ச் இருக்கிற ஒண்டை எடுத்தன், இப்ப அது அவவின்ட தலைமாட்டில கிடக்கு.